குறட்டை மாதிரி ஒரு மூச்சு

2009 தை மாதம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து காலையில் கிளம்பிய விசைப்படகில் ஆறு பேர் இருந்தோம். டிரைவர் என் சித்தப்பா. அப்பாவுக்குக் கடைசித் தம்பி, வயது 46. வாடைக்காற்று சீராக அடித்துக்கொண்டிருந்தது. இரவு இரண்டாவது வலையை வாங்குவதற்கு, அதாவது படகில் இழுத்தேற்றுவதற்கு, கொஞ்சம் முன்னால் வீலை என்னிடம் கொடுத்துவிட்டு, "நெஞ்சைக் கரிக்கிற மாதிரி இருக்குடா, வாயுபோல" என்று பலகையில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. தை மாத வாடையில், நடுக்கடலில், ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவருக்கு அப்படி வியர்க்கக் கூடாது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒருவர் சோடா இருக்கிறதா என்று தேடினார். ஒருவர் தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துவிட்டார். சித்தப்பா தன் இடது தோளையும் தாடையையும் மாறி மாறிப் பிடித்துவிட்டுக்கொண்டே, "வலையை வாங்கிட்டே திரும்பலாம்" என்றார். நாங்களும் சரி என்றோம்.

அரை மணி நேரம் கழித்து, வலையின் மடியை அவிழ்த்து மீனைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். சித்தப்பா பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டோம், உலுக்கினோம், முகத்தில் தண்ணீர் அடித்தோம். அசைவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. அப்படித்தான் நினைத்தோம். வாய் திறந்து, குறட்டை மாதிரி ஓர் இழுப்பு. அப்புறம் ஒன்றும் இல்லை. பயந்துபோய்க் குனிந்து பார்க்கும்போது இன்னோர் இழுப்பு. "மூச்சு இருக்குடா, படகை விடு, படகை விடு" என்று கத்தினார்கள். கரைக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு துண்டால் விசிறிக்கொண்டே வந்தேன். சில நிமிஷத்தில் அந்த இழுப்பும் நின்றுபோனது. அதற்குப் பிறகும் விசிறிக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டு வருஷம் கழித்துத்தான் அந்த மூச்சு என்னவென்று தெரிந்தது. 2017, மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்ட வருஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். கிழிந்த வலையைப் பொத்துவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, அப்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான் வேலை. அப்போதுதான் சங்கக் கட்டடத்தில் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி என்றார்கள். படகுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கிடைக்கும் என்பதற்காகப் பாதிப் பேர் வந்தோம், நானும் அந்தப் பாதியில்தான்.

சொல்லித்தர வந்தவர் ஓர் அனுபவசாலியான செவிலியர். நாங்கள் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். கை கால் இல்லாத, தலையும் மார்பும் மட்டும் உள்ள ஒரு பொம்மையைப் பாயில் கிடத்தினார். அந்தப் பொம்மைக்கு ஒரு கதை உண்டு என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கினார்கள். நார்வே நாட்டில் ஆஸ்முண்ட் லேர்டல் என்று பொம்மை செய்யும் தொழிலில் இருந்த ஒருவர். அவருடைய சின்ன மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கி, மயிரிழையில் பிழைத்தவன். 1960 வாக்கில், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை மருத்துவர்கள் உலகத்துக்குச் சொன்ன காலத்தில், பழகிப்பார்க்க ஒரு பொம்மை வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அதற்கு வைத்த முகம், பாரிஸ் நகரத்து சென் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம். கடலில் ஆளைப் பறிகொடுக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்து எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

பாடம் எளிமையானதுதான். ஒருவர் விழுந்து கிடந்தால் தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் 108-ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள், "நீல சட்டை அண்ணே, நீங்க பண்ணுங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்றார். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். அடுத்து மூச்சு இருக்கிறதா என்று மார்பைப் பார்ப்பது. அதற்குப் பத்து நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் சிஸ்டர் நிறுத்தினார். "ஒரு விஷயத்தை நல்லா கவனிங்க. இதயம் நின்னு போனவங்களுக்கு, நின்ன முதல் சில நிமிஷம் வாயைத் திறந்து திறந்து ஓர் இழுப்பு வரும். குறட்டை மாதிரி இருக்கும், மீன் வாயைத் திறக்கிற மாதிரி இருக்கும். நீங்ககூட 'இழுத்துக்கிட்டு இருக்கு'ன்னு சொல்வீங்களே, அதுதான். அது மூச்சு இல்லை. அதைப் பார்த்தா, மூச்சே இல்லைன்னு எடுத்துக்கிட்டு உடனே அழுத்த ஆரம்பிக்கணும்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். அன்றைக்குப் படகில் இருந்த இன்னொரு ஆளும் அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தார். அவரும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இதை எழுதுவதற்கு முதல் காரணம் அந்த இழுப்புதான். நெஞ்சை அழுத்துவதைப் படத்திலும் செல்போனிலும் பார்த்தவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எப்போது தொடங்குவது என்பது தெரியாமல், "மூச்சு இருக்கு" என்று நம்பி, காரைத் தேடி ஓடுகிறோம். இதயம் நின்று நாலைந்து நிமிஷத்தில் மூளை சாகத் தொடங்கிவிடும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னால் வராது. அந்த நேரத்தில் இருக்கிறது பக்கத்தில் நிற்கிறவருடைய இரண்டு கைதான்.

மறுபடி உள்ளே போய் பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டேன். இரண்டு மார்புக்கும் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், நம் தோளின் பாரம் நேராக இறங்கும்படி அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது இறங்கணும், 6-க்கு மேல் வேண்டாம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் மெதுவாகவே அழுத்தினார்கள். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டின் இழுப்பு எங்கள் உடம்பில் ஊறிப்போனது, அது இதற்குப் பற்றாது. ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால்தான் சரியாக வரும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. வாயோடு வாய் வைக்க மனம் ஒப்பவில்லை, அல்லது பழக்கமில்லை என்றால், பெரியவர் திடீரென்று விழுந்த நேரத்தில் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்தாலும் போதும். இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துவிடும், நமக்கே தெரியாமல் ஆழம் குறையும். ஆள் இருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். வலை இழுத்துக் காய்த்த கைகள் உள்ளவர்களே அன்றைக்கு வியர்த்துப்போனார்கள்.

அடுத்த வருஷம் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் கரையில் வலைக்கடை போட்டேன். 2019 ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்கு எதிரே வல்லங்கள், சின்னப் படகுகள், கட்டியிருக்கும் இடத்தில் கூச்சல். ஆறு வயதுப் பையன், வல்லத்துக்கு வல்லம் தாவி விளையாடியவன், நடுவில் விழுந்து அடியில் போய்விட்டான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் ஓடிப்போனபோது அவனைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தூக்கியவர் எனக்கு நீச்சல் கற்றுத்தந்த மாமா. எழுபது வயதை நெருங்குகிறவர், ஊரே மதிக்கும் ஆள். பையனின் இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தலைகீழாகத் தோளில் போட்டுச் சுற்றப் போனார். சுற்றியிருந்தவர்கள் "சுத்துங்க, சுத்துங்க, தண்ணி வெளிய வரட்டும்" என்றார்கள்.

"மாமா, இறக்குங்க."

அவர் காதில் விழவில்லை. கையைப் பிடித்தேன். பெரியவர் கையை அப்படிப் பிடித்து நான் பழகியவன் அல்ல. "மாமா, காலைப் பிடிச்சுக் கேக்குறேன், கீழ போடுங்க" என்று கத்தினேன். என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார்.

தலைகீழாகப் பிடித்தால் வருகிற தண்ணீர் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவது. வயிற்றை அமுக்கினாலும் அதுதான் வரும், வருகிற வழியில் நுரையீரலுக்குள் போய்ச் சேரவும் கூடும். நுரையீரலை அப்படிக் காலி செய்ய முடியாது. அந்த முயற்சியில் வீணாகிற ஒன்றிரண்டு நிமிஷம்தான் அந்த உயிருக்கு மிச்சமிருப்பது. மூழ்கியவருக்கு முதலில் குறைந்துபோவது காற்று, அதனால் அவருக்கு மூச்சில் தொடங்க வேண்டும். எங்களுக்கு முதலில் ஐந்து மூச்சு என்று சொல்லித்தந்தார்கள். இரண்டு என்று கற்பிக்கும் முறையும் உண்டு. எதைக் கற்றிருந்தாலும் அதைத் தயங்காமல் செய்வதுதான் காரியம்.

அலை தொடும் இடத்தில் ஈரமணல் கெட்டியாக இருக்கும். அங்கே, கரைக்கு இணையாகக் கிடத்தினேன், தலை மேடாகவோ பள்ளமாகவோ இல்லாமல். உதடு நீலம் பாரித்திருந்தது, மூக்கில் நுரை. நுரையைத் துடைத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்று சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நெற்றியில் கை வைத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். அவன் வாயில் உப்பும் டீசலும் கலந்த ருசி. மார்பு எழும்புகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், எழும்பியது. ஐந்து தடவை. அப்புறம் ஒரே கையால் அழுத்தத் தொடங்கினேன். அவன் மார்பு என் உள்ளங்கைக்கு அகலம்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். என் கை எலும்பை முறித்துவிடுமோ என்ற பயத்தை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்து ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குதித்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தாயத்துதான் தெரிகிறது.

மூன்றாவது சுற்றில் வாந்தி வந்தது. உடனே மொத்த உடம்பையும் ஒரு பக்கமாகத் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி மல்லாத்தினேன். இன்னும் ஒரு சுற்று. ஓர் இருமல். அப்புறம் அழுகை. அந்த அழுகையைக் கேட்டு அவன் அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு சீராக வந்ததும் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த துண்டால் போர்த்தினோம். 108 வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. "பிள்ளதான் அழுகுதே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று சிலர் சொன்னார்கள். அது தப்பு. தண்ணீர் போன நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூட மோசமாகலாம். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் மாமா கடைக்கு வந்தார். ரொம்ப நேரம் நைலான் நூல்கண்டை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நாப்பது வருஷமா அப்படித்தான்டா தூக்கிச் சுத்துனோம். எங்க ஐயா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவர் யாரையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற நாளை அவரிடம் சொன்னேன்.

எல்லா நேரமும் இப்படி முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் எங்கள் தெருவில் ஒரு பாட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபடியே சாய்ந்துவிட்டார். அவர் பேரனும் நானும் மாற்றி மாற்றி 22 நிமிஷம் அழுத்தினோம். முதல் நிமிஷத்திலேயே என் கைக்குக் கீழே விலா நொறுங்கும் சத்தம் கேட்டது. அது நடக்கும், அதற்காக நிறுத்தக் கூடாது என்று தெரிந்திருந்தும் உடம்பு கூசியது. 108-இல் வந்தவர்கள் கருவியை ஒட்டிப் பார்த்தார்கள், ஏற்றிக்கொண்டும் போனார்கள். பாட்டி பிழைக்கவில்லை. காரியம் முடிந்து அவர் மகன் வந்து, "எங்கம்மாவைச் சும்மா பாத்துக்கிட்டு நிக்காம கடைசி வரைக்கும் போராடுனீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நின்றுபோன இதயத்தில் பல மறுபடி ஓடுவதில்லை. அழுத்துவது மருந்து இல்லை, மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தை அனுப்பி நேரத்தை வாங்கித்தருவது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி சீக்கிரம் வந்தால் அந்த நேரம் பலன் தரும். சில பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் ஏ.இ.டி. என்ற அந்தக் கருவியைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். திறந்தால் அதுவே என்ன செய்யணும் என்று பேசும். ஈரமான மார்பைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும் என்பது மட்டும் எங்களைப் போன்ற கடலோரத்துக்காரர்கள் மறக்கக் கூடாதது.

படகுக்காரர்கள் கேட்டால் நான் இதைவிட அதிகமாகச் சொல்வது அந்த முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான். நெஞ்சில் பாரம், குளிர் வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இனம் தெரியாத பயம். இதில் இரண்டு சேர்ந்து வந்தாலே வாயு என்று உட்காரக் கூடாது. வலையை அறுத்துவிட்டாவது படகைத் திருப்ப வேண்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட வேண்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இந்த இரண்டு எண்ணையும் வீல் இருக்கும் இடத்துக்கு மேலே பெயின்டால் எழுதச் சொல்வேன், பேப்பர் ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. ஆளை எந்த வேலையும் செய்யவிடாமல், முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். ஆஸ்பிரின் மென்று விழுங்குவது உதவும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒவ்வாமை உள்ளவருக்கும் ரத்தக்கசிவு உள்ளவருக்கும் அது கூடாது, அதனால் கடலுக்குப் போகும் முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் எங்களுக்குத் தினசரி. முன்பு சுண்ணாம்பு, மஞ்சள் என்று கையில் கிடைத்ததைப் பூசுவோம். அந்த விஷத்தின் வலிக்குச் சூடுதான் மருந்து. குத்துப்பட்ட கையையோ காலையோ 45 டிகிரிக்கு மேல் போகாத சுடுதண்ணீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கிவிடும். குத்துப்பட்ட இடம் மரத்துப்போயிருக்கும், அதனால் அடுத்த கையை முதலில் விட்டுப் பார்த்துத்தான் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். படகில்தான் சோறாக்க அடுப்பு இருக்கிறதே. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நிற்கும் முள்ளை மட்டும் பிடுங்கவே கூடாது, அது ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்தண்ணீரால் அலசணும், நல்லதண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

வலக்கடியன் என்று பெரியவர்கள் சொல்லும் கடல்பாம்பு வேறு கதை. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடிக்கும், பெரிதாக வலிக்காது, வீங்காது. அதனாலேயே விட்டுவிடுவோம். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, இமை தொங்கும், மூத்திரம் கறுத்துப் போகும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் செய்தது. கடல்பாம்பு அதில் சேர்த்தி இல்லை. அதனால் செயற்கை சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கடித்த கையைக் குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வைக்கலாம். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம்.

கரையில் உள்ளவர்களுக்கு: தனுஷ்கோடிப் பக்கம் யாராவது இழுபடுவதைப் பார்த்ததும் நீச்சல் தெரிந்த தைரியத்தில் குதித்துவிடாதீர்கள். மூழ்குகிறவர் பிடித்தால் விடமாட்டார். காலி கேனில் கயிற்றைக் கட்டி எறியுங்கள். புரையேறி மூச்சே விட முடியாமல் கழுத்தைப் பிடிக்கும் பிள்ளையின் உச்சந்தலையில் தட்டிப் பயனில்லை. குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஐந்து அடி, அப்படியும் வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து இழுப்பு. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வயிற்றில் கை வைக்கவே கூடாது, முதுகில் ஐந்து தட்டு, மார்பில் ஐந்து அழுத்தம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், தலைக்கு அடியில் துணியை வைத்து, நின்றதும் ஒருக்களித்து விடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலையணும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. ரத்தம் ஓடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். 108 வந்து அவரை ஏற்றிக்கொண்டார்கள் என்றால் உங்கள் பங்கு அங்கே முடிந்தது.

இப்போது ஒவ்வொரு தடைக்காலத்திலும் வலை பின்னும் கூடத்தில் ஒரு நாள் இதற்காக ஒதுக்குகிறோம். சிஸ்டர் பணி ஓய்வு பெற்ற பிறகும் வருகிறார். பொம்மை எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் கிழிந்த பழைய வலையை ஒரு சாக்கில் இறுக்கித் திணித்து வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். அழுத்தினால் கிட்டத்தட்ட மார்பு மாதிரியே இறங்கி, மறுபடி எழும்புகிறது. இதை வைத்து மூச்சுக் கொடுக்கப் பழக முடியாது, ஆனால் வேகமும் ஆழமும் கைக்கு வந்துவிடும். நேரில் பயிற்சி வேண்டுமென்றால் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நடத்துகிற வகுப்புகளை விசாரித்துச் சேருங்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, மண்டியிட்டு முப்பது தடவை அழுத்துவது வேறு. ஒருமுறை கற்றதும் சில மாதத்தில் கை மறந்துவிடுகிறது, வருஷத்துக்கு ஒருமுறையாவது பழக வேண்டும்.

போன தடைக்காலத்தில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் வந்தார்கள். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். விரல் விரலாகத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் ரப்பர் செருப்போடு மணிக்கணக்காக முங்கி எழுகிறவர்கள். அவர்களில் ஒருவர் மயங்கினால் பக்கத்தில் இருப்பது இன்னொரு பாசிக்காரப் பெண் மட்டும்தான். சாக்கை நன்றாக அழுத்தினார்கள், நாங்கள் 2017-இல் அழுத்தியதைவிட நன்றாக.

அந்தக் கூட்டத்தில் சித்தியும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. சிஸ்டர் வழக்கம்போல அந்த இழுப்பைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். எல்லோரும் போகும்வரை சித்தி எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு உங்க சித்தப்பாவுக்கு மூச்சு இருந்துச்சுன்னு சொன்னியேப்பா."

"இழுத்துக்கிட்டு இருந்துச்சு சித்தி."

"அப்ப இதைத்தான் செய்யணுமா?"

"ஆமா சித்தி." இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். செய்திருந்தாலும் கரைக்கு இரண்டரை மணி நேரம், படகில் கருவி இல்லை, பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

சித்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்குக்கு முன்னால் மண்டியிட்டார். கையை எங்கே வைக்கணும் என்று கேட்டார். காட்டினேன்.

"நீ எண்ணுப்பா."

எண்ணினேன். முப்பது வந்தும் அவர் நிறுத்தவில்லை, நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.